மூன்றாம் வகுப்பை ஏரிக்குக் கூட்டிப்போனேன்

வகுப்புச் சுவரில் மஞ்சள் சார்ட் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. 'இந்தப் பருவத்தில் நாம் போகப்போகும் இடங்கள்' என்று மேலே எழுதி, கீழே நான்கு பெயர்கள். தபால் நிலையம். நெல் வயல். செம்பரம்பாக்கம் ஏரி. கோளரங்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம். போய்வந்த பிறகு பிள்ளைகளே டிக் அடிக்க வேண்டுமாம். முதல் இரண்டிலும் டிக் விழுந்திருந்தது. டிக்கைச் சுற்றி யாரோ பூ வரைந்திருந்தார்கள்.

அது பெற்றோர் கூட்டம் நடந்த ஒரு சனிக்கிழமை. மற்றவர்கள் ரேஷன் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில், முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்து, மூன்றாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரி.

கரையில் கைப்பிடி இருக்குமா? பாசி வழுக்குமா? எந்த ரோடு வழியாகப் போவார்கள்?

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரிந்திருக்கும். லாரி கிளீனராக இருந்தது, பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தது எல்லாம் எழுதியாகிவிட்டது. இதை மட்டும் எட்டு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

பயந்தவன் படிப்பு

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை. முழுப் பரீட்சை அன்று காலையில் பேனா எழுதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். இரண்டு பேனா எடுத்துக்கொண்டேன். இரண்டும் எழுதாமல் போனால்? பள்ளிக்கூட கேட் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கிளம்பவே இல்லை.

வேலைக்கு வந்த பிறகும் அப்படித்தான். டூட்டியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்வேன். என் மனைவி கலா செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவள்; உள்ளே போன் கூடாது. லீவு நாளில் மட்டும்தான் அவளைப் போனில் பிடிக்க முடியும்.

"கேஸ மூடினியா?"

"மூடிட்டேன். நீ வாய மூடு."

எங்கள் பெண் யாழினி இதைக் கேட்டுச் சிரிப்பாள். அப்போது மூன்றாவது படித்தாள். எங்கே கூப்பிட்டாலும் முதலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பவள் அவள்தான். தபால் நிலையம் போய்வந்து ஒரு மாதம் வரை வீட்டில் கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் முத்திரை குத்தினாள். ஆதார் ஜெராக்ஸிலும் குத்திவிட்டாள்.

கேப் டிரிப்

எங்கள் பக்கத்துக் கம்பெனி பஸ்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் டிராவல்ஸ் ஒன்றில் டிரைவராக இருந்தேன். காலை ஆறு மணி ஷிப்ட் ஆட்களை இறக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு, சுங்குவார்சத்திரம் வரை ஸ்டாப் ஸ்டாப்பாக விட்டுவிட்டு வர ஏழரை ஆகிவிடும். அடுத்த ஷிப்ட்டுக்கு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் போதும். நடுவில் வண்டி சும்மா நிற்கும்.

டிரைவர் தூங்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் வண்டி சும்மா நிற்பது எந்த முதலாளிக்கும் பொறுக்காது. காதுகுத்து, நிச்சயதார்த்தம், பள்ளிக்கூட டூர் என்று அந்த இடைவெளியில் எதற்காவது அனுப்பிவிடுவார்கள். நாங்கள் அதைக் கேப் டிரிப் என்போம். கழுவித் துடைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி வரும் வண்டியைக் கல்யாண வீட்டார் பார்ப்பார்கள். டிரைவரின் கண்ணைப் பார்க்கிறவர்கள் இல்லை.

நானே அப்படி எத்தனையோ டிரிப் அடித்திருக்கிறேன். கன்னத்தில் அறைந்துகொண்டு ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். பெயர் கவிதா. எங்கள் ஊர் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகளை நான்கு சுவருக்குள் வைத்திருக்கப் பிடிக்காதவர்.

"பஸ்ஸு யார்துங்க டீச்சர்?"

"உங்க டிராவல்ஸ்துதான் சேகர். தெரிஞ்ச இடமாச்சேன்னு எச்.எம். சொல்லிட்டாங்க. காலைல ஒம்போதுக்கு எடுத்தா பன்னண்டரைக்கு வந்துடலாம்."

"டிரைவரு?"

"யாராவது அனுப்புவாங்க."

யாராவது. அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ராத்திரி ஓடின வண்டி, ராத்திரி ஓடின ஆள், வேண்டாம் டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். டூர் நின்றுபோனால் யாழினி முகத்தில் எப்படி முழிப்பது, டிராவல்ஸ் மேனேஜர் பாபு அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பயம். அதற்குள் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"நானே ஓட்டறேன் டீச்சர்."

அவர் சிரித்தார். "அப்பாடா. நீங்கன்னா எனக்குக் கவலையே இல்ல. வயலுக்கு நடந்து போனப்பவே பாம்பு கீம்பு கீதான்னு மூணு வாட்டி போன் பண்ணவராச்சே!"

பிள்ளைக்காக இவ்வளவு பயப்படுகிறவன் ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று அவர் நம்பினார். நானும் அதையேதான் நம்பினேன்.

தூங்க நேரம் இருந்தது

டூருக்கு முந்தின நாள் எனக்கு ராத்திரி டூட்டி போட்டிருந்தார்கள். பாபு அண்ணனிடம் போய் நின்றேன்.

"அண்ணே, நைட்ட மட்டும் மாத்தி வுடுண்ணே. காத்தால ஸ்கூல் டிரிப்பு."

"ஆளு எங்கடா கீது? நைட்டு ஓட்டு, காத்தால ஸ்கூலுக்குப் போ. முடியலன்னா சொல்லு, வேற எவனையாவது அனுப்பறேன்."

முடியும் என்றேன்.

அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை. ராத்திரி ஆட்களை இறக்கிவிட்டால் விடியும்வரை வண்டி கம்பெனி யார்டில்தான் நிற்கும். ஐந்து மணி நேரம் தாராளமாகத் தூங்கலாம். மற்ற டிரைவர்கள் எல்லோரும் சீட்டில் கால் நீட்டித் தூங்கினார்கள். நான் டயரைத் தட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு என்னென்ன ஆகலாம் என்று நினைத்து நினைத்தே விடிந்துவிட்டது.

தலை எண்ணியவன்

இருபத்தேழு பிள்ளைகள். ஏறும்போதே எண்ணிவிட்டேன். யாழினி எனக்கு இடது பக்கம், இஞ்சின் மூடியை ஒட்டிய முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எங்கப்பா வண்டி, எங்கப்பா வண்டி" என்று கூவினாள்.

ஏரிக்கரையில் டீச்சர் பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு பறவைகளை எண்ண வேண்டும். ஒரு குழு கரையை அடி வைத்து அளக்க வேண்டும். ஒரு குழு மண்ணைத் தொட்டு, முகர்ந்து எழுத வேண்டும். இன்னொரு குழுவுக்கு மதகு பார்க்கும் ஊழியரிடம் கேள்வி கேட்கும் வேலை.

"இது கடலா மிஸ்?"

"கடல்னா அலை வரும்டா, லூசு."

"இந்தத் தண்ணி எங்கண்ணா போவுது?" என்று ஒருத்தி ஊழியரைக் கேட்டாள்.

"மெட்ராசுக்கும்மா."

"அப்ப நம்மளுக்கு?"

"நம்மளுக்கு லாரிடீ," என்றான் பக்கத்தில் நின்றவன். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதெல்லாம் காதில் விழுந்தது, அவ்வளவுதான். நான் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மழை வருஷத்தில் இந்த ஏரியைத் திறந்தபோது கீழே ஊர்களுக்குள் தண்ணீர் போனதைப் பார்த்தவன் நான். தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். இருபத்தேழு. இருபத்தாறு. ஐயோ. இல்லை, இருபத்தேழு.

"அப்பா, இங்க வந்து பாருப்பா! அந்தப் பறவ முழுகிச்சு, எங்கயோ போயி எந்திரிச்சுது!"

"ஓடாத. கரையில ஓடாத."

இன்றுவரை அந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்பா என்ற குரல்

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. கொஞ்ச தூரம் பாட்டுப் பாடினார்கள். அப்புறம் ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தார். எல்லோரும் பத்திரமாகத் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். ஏரி முடிந்தது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். முந்தின நாளிலிருந்து முதல்முறையாக நெஞ்சு லேசானது.

அந்த லேசில்தான் போய்விட்டேன்.

எத்தனை நொடி என்று தெரியாது. "அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. கத்தல் இல்லை. ராத்திரி டூட்டி முடிந்து வந்து நான் தூங்கும்போது, சாப்பிடச் சொல்லி யாழினி எழுப்புவாளே, அதே குரல்.

கண்ணைத் திறந்தேன். இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, ரோட்டோரம் நிறுத்தியிருந்த கன்டெய்னர் டிரைலரின் பின்பக்கம். மிதித்தேன். பள்ளிக்கூடப் பைகள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தன. வண்டி நின்றது. என் கண்ணாடிக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடம்.

"வூடு வந்துடுச்சா?" என்று பின்னால் ஒரு பிள்ளை கேட்டது.

டீச்சர் எழுந்து வந்தார். "இன்னா ஆச்சு சேகர்?"

"நாய் குறுக்க வந்துடுச்சு டீச்சர்."

யாழினி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா மிஸ். கருப்பு நாய். வாலு மட்டும் வெள்ள."

அதற்கு முன் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

நாய்ப் படங்கள்

அடுத்த வாரம் வகுப்பில் 'எங்கள் ஏரிப் பயணம்' என்று படம் வரைந்து இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவர் முழுக்க நாய். குட்டை நாய், நெட்டை நாய், கொம்பு வைத்த நாய்கூட இருந்தது. எல்லாம் கருப்பு, வால் மட்டும் வெள்ளை. 'எங்கள் ஓட்டுநர் மாமா நாயின் உயிரைக் காப்பாற்றினார்.' தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த நாயைப் பார்த்திருந்தார்கள்.

"இவ மட்டும் இன்னாவோ லாரி வரைஞ்சி வச்சிருக்கா பாருங்க," என்று டீச்சர் யாழினியின் தாளைக் காட்டினார். சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டி. தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. கீழே ஒன்றும் எழுதவில்லை.

"கோளரங்கத்துக்கும் நீங்கதான் சேகர். எச்.எம். கிட்ட சொல்லிட்டேன்."

சரி என்றுதான் அன்றைக்கும் தலையாட்டினேன்.

வீட்டில் யாழினி மாறிவிட்டிருந்தாள். காலையில் நான் டூட்டி முடிந்து வந்ததும், "தூங்கினியாப்பா?" என்பாள். நான் படுத்துக் கண்ணை மூடின பிறகுதான் பையை மாட்டுவாள். ஒருநாள் என் போனைக் காணவில்லை. தேடினால் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. நான் தூங்க வேண்டுமாம்.

"நீ எனக்கு மேல ஆயிட்டியேடீ," என்றாள் கலா. அவளுக்கு அப்போது விஷயம் தெரியாது. விளையாட்டு என்று நினைத்தாள்.

கோளரங்கம் போக ஒரு வாரம் இருக்கும்போது, கையெழுத்துப் போட யாழினியின் நோட்டைத் திறந்தேன். அனுமதிச் சீட்டுக்கு அடியில் ஒரு பக்கம் முழுக்க எண் போட்டுக் கேள்விகள்.

1. உனக்குப் பிடிச்ச கலர் என்ன?
2. அம்மா உன்ன மொத வாட்டி எப்ப திட்டுச்சு?
3. யானைக்கு எத்தன பல்லு?

முப்பத்தெட்டு வரை போயிருந்தது.

"இது இன்னா கண்ணு?"

"நான் முன்னாடி உக்காந்துக்கறேம்பா. கேள்வி கேட்டுக்கினே வரேன். நீ பதில் சொல்லிக்கினே வா. சொல்லலன்னா கிள்ளிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மெட்ராசு வர போவணும், ரொம்ப தூரம். இது பத்தாது இல்ல?"

நட்சத்திரம் பார்க்கப் போகிற பிள்ளை. அவள் எதையும் பார்க்கப்போவதில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு வருவாள். என் வியாதி அவளுக்கு வந்துவிட்டது. அந்தச் சீட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை.

இருபத்தேழு பேர்

மறுநாள் பள்ளி விட்ட பிறகு டீச்சரிடம் போய், ஓட்டும்போது தூங்கிவிட்டதைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"அப்ப அந்த நாயி?"

"இல்ல டீச்சர்."

"கருப்புன்னாளே யாழினி."

"நான் சொன்னேன். அதான் அவளும் சொன்னா."

டீச்சர் குட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் நாய்கள் காற்றில் படபடத்தன.

"இருபத்தேழு பேரு சேகர்," என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வேற எடத்துல வண்டி எடுங்க டீச்சர். நல்லா தூங்கின டிரைவரா கேட்டு வாங்குங்க. புள்ளைங்க போவட்டும்."

"எந்த டிரைவர் தூங்கிட்டு வந்திருக்கான்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது? உங்கள விடவா ஒருத்தர் பத்திரமா ஓட்டிடப் போறாங்க?"



எச்.எம். இனிமேல் பஸ் வைத்து எங்கேயும் போவதில்லை என்று சொல்லிவிட்டார். கோளரங்கம் மட்டும் இல்லை, அடுத்த பருவத்துக்குப் பேசி வைத்திருந்ததும் போயிற்று. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டாதவர்கள். பாபு அண்ணன் என்னை வேலையை விட்டு நிறுத்தினார். கேப் டிரிப் நிற்கவில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே என் பழைய வண்டி வாழைக்கன்று கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

டீக்கடையில் ஒரு பையனின் அப்பா என் சட்டையைப் பிடிக்காத குறை. "ஒன்னியும் ஆவல இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு வாயத் தொறந்த? எம்புள்ள ரெண்டு நாளா சோறு துண்ணல."

கலா ராத்திரி ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நீ பயந்தது போதாதுன்னு ஊரையே பயப்பட வச்சிட்ட." கதவு வரை போனாள். அப்புறம் உள்ளே வந்து, தூங்கிக்கொண்டிருந்த யாழினியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வகுப்பில் யாழினியைப் 'பொய் நாய்' என்று கூப்பிடுகிறார்கள் என்பதை வேறொரு பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை

கோளரங்கம் போக வேண்டிய நாளன்று டீச்சர் சும்மா இருக்கவில்லை. ஏதோ கம்பெனியிலிருந்து ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, அதில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருக்கிறார். ஜன்னலை எல்லாம் சேலையால் மூடினார்கள். பிள்ளைகளைத் தரையில் படுக்கவைத்து, பெட்டிக்குள் டார்ச் அடித்தார்கள்.

யாழினிக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போன நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. டீச்சரின் குரல் மட்டும் கேட்டது. "அதோ பாருங்க, அது ஏழு நட்சத்திரம்... அதோ அது..." மற்ற நாளில் கூச்சல் போடும் பிள்ளைகள் அன்று அமைதியாக இருந்தார்கள். பிடித்துப்போய் அமைதியாக இருந்தார்களா, பிடிக்காமலா என்று இருட்டில் எப்படித் தெரியும்?

மணி அடித்தது. யாழினி கடைசியாக வெளியே வந்தாள். தனியாக வந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

பாட்டிலைக் கொடுத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நட்சத்திரம்லாம் நல்லா தெரிஞ்சுதா கண்ணு?"

மூடியைத் திறந்து, நிதானமாகத் தண்ணீர் குடித்து, மூடியைத் திருகினாள்.

"அட்டப் பெட்டிதாம்பா," என்றாள்.